தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் கல்லூரி மாணவர்கள்: பெற்றோர், நண்பர்கள், வார்டன்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லூரி மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். அம்மாக்கள் போனில் குரலைத் தாழ்த்திக் கேட்பது, ரூம்மேட்கள் "ஒரு ஃப்ரெண்டுக்காகக் கேக்கறேன்" என்று ஆரம்பிப்பது, வார்டன்கள் "ரூல்ஸ் என்ன சொல்லுது மேடம்" என்று கேட்பது எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். எப்படிக் காயப்படுத்திக்கொள்கிறார்கள் என்ற விவரம் இதில் இருக்காது. தெரிந்தே விட்டிருக்கிறேன்.

இப்போதே யாரிடமாவது பேசியாக வேண்டும் என்ற நிலையில் இருக்கிறீர்களா? மீதியை அப்புறம் படிக்கலாம். தமிழ்நாட்டிலும் இந்தியாவில் வேறெங்கிருந்தாலும் 14416. இது 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி சேவை. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. இலங்கையில் அழைக்க வேண்டிய எண் 1926. சிங்கப்பூரில் 1767. காயம் ஆழமாக இருந்தாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ, எதையாவது விழுங்கியிருந்தாலோ இந்தியாவில் 108.

கையில் காயம் என்றால் தற்கொலை முயற்சி என்றுதானே அர்த்தம்?

பெரும்பாலும் இல்லை. சாக வேண்டும் என்று செய்வது வேறு, அந்த ஒரு ராத்திரியை எப்படியாவது தாண்ட வேண்டும் என்று செய்வது வேறு. இரண்டாவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டுக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பும், தற்கொலை நோக்கமில்லாத தன்காயத்தைத் தனியாக, மேலும் ஆராய வேண்டிய ஒன்றாகக் குறிப்பிட்டது.

அதற்காக நிம்மதிப் பெருமூச்சு விட்டுவிடாதீர்கள். இன்று சாகும் எண்ணமில்லாமல் தன்னைக் காயப்படுத்திக்கொள்பவருக்குப் பின்னாளில் தற்கொலை எண்ணம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். சிலருக்கு இரண்டும் ஒரே காலத்தில் இருக்கும். ஆகவே ஊகிக்க வேண்டாம், கேட்டுவிடுங்கள். "சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராக. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்த மாதிரி ஆகிவிடும் என்று பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்பது பல ஆய்வுகளில் பார்த்தாகிவிட்டது. கேட்ட பிறகு பல பிள்ளைகள் ஆசுவாசமாக மூச்சு விடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

பதில் "ஆமாம்" என்று வந்தால் அன்றிரவு அவரைத் தனியாக விடாதீர்கள். 14416க்கு அழையுங்கள், அல்லது பக்கத்து அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

வலிக்குமே! எதற்காக ஒருவர் தனக்குத்தானே இப்படிச் செய்துகொள்வார்?

எல்லாரும் கேட்கும் கேள்வி. இதற்கு விடை புரியாதவரை வேறு எந்த உதவியும் சரியாக விழாது. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மனதில் தாங்க முடியாத ஒன்று பொங்கி நிற்கிறது. அவமானமாக இருக்கலாம், கோபமாக இருக்கலாம், யாருக்கும் நான் வேண்டாம் என்ற நினைப்பாக இருக்கலாம். அதற்குப் பெயர் வைக்கத் தெரியவில்லை, சொல்ல ஆளில்லை. காயப்படுத்திக்கொண்டதும் சில நிமிடங்களுக்கு அந்தக் கொந்தளிப்பு அடங்குகிறது. உடல் வலி குறையத் தொடங்கும்போது மன இறுக்கமும் கூடவே தளர்வதை ஆய்வாளர்கள் சோதனைக்கூடத்திலேயே கண்டிருக்கிறார்கள். மூளை இதைக் குறித்துவைத்துக்கொள்கிறது: இதைச் செய்தால் அது போகும். அடுத்த முறை அதே கொந்தளிப்பு வரும்போது அதே வழியைக் காட்டுகிறது. மீட்டர் வட்டிக்குக் கடன் வாங்குவது போலத்தான் இது. கையில் பணம் உடனே கிடைக்கும். வட்டி பின்னால் வரும், குற்ற உணர்ச்சியாக, மறைக்க வேண்டிய பாரமாக, இன்னொரு கடனுக்கான தேவையாக.

எல்லாருக்கும் காரணம் இது ஒன்றே அல்ல. சிலருக்கு எதுவுமே உணராத மரத்துப்போன நிலை. "வலிச்சாத்தான் உயிரோட இருக்கேன்னு தெரியுது" என்பார்கள். சிலருக்கு இது தண்டனை. முதல் தலைமுறைப் பட்டதாரியாக வந்த ஒரு பையன், அரியர் விழுந்த அன்று செய்ததைப் பற்றிச் சொன்னது இது: "எங்கப்பா லோன் போட்டுப் படிக்க வெக்கறார் மேடம். என்னை யாராவது அடிக்கணும். வீட்ல யாரும் அடிக்க மாட்டாங்க. அதான் நானே." வேறு சிலருக்கு, வாயால் சொல்லி யாரும் கேட்காததை உடலால் சொல்வது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அவர்களைப் பொறுத்தவரை இது பிரச்சினையே அல்ல, பிரச்சினைக்குத் தாங்கள் கண்டுபிடித்த தீர்வு. மோசமான தீர்வுதான். ஆனால் கையில் இருக்கும் ஒரே தீர்வைப் பிடுங்கிக்கொண்டு வேறொன்றைத் தராமல் போனால், அவர்கள் அதை நிறுத்த மாட்டார்கள், ஒளித்துவைக்கத்தான் பழகுவார்கள்.

ஸ்கூல்வரை நன்றாக இருந்த பிள்ளை, காலேஜ் போனதும் ஏன் இப்படி?

பள்ளியில் நன்றாக இருந்தார் என்று வீட்டுக்குத் தோன்றியிருக்கலாம். தன்காயம் முதன்முதலாகத் தொடங்குவது பெரும்பாலும் 12 முதல் 14 வயதுக்குள். கல்லூரி முதல் இரண்டாண்டுகள் இன்னொரு தொடக்க காலம். நின்றுபோன பழக்கம் திரும்பி வருவதும் அப்போதுதான்.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். மாவட்டத்தில் முதல் மார்க் எடுத்தவர் இங்கே அறுபது பேர் வகுப்பில் நாற்பதாவதாக நிற்கிறார். பன்னிரண்டு வருடம் தமிழில் படித்தவருக்கு முதல் நாளே ஆங்கிலத்தில் வகுப்பு. சந்தேகம் கேட்க எழுந்தால் பின் பெஞ்சில் சிரிப்பு. ஹாஸ்டலில் நான்கு பேர் அறையில் அழுவதற்குக்கூட இடமில்லை, குளியலறையைத் தவிர. ராகிங், ஊர் எது என்று கேட்டுச் சாதியைத் தோண்டும் கேள்விகள், நிறம், உடம்பு பற்றிய கேலி, காதல் முறிவு, அது வாட்ஸ்அப் குரூப்பில் பரவுவது, மூன்றாம் வருடம் பிளேஸ்மென்ட். இவற்றில் ஒன்று மட்டுமே காரணமாக இருப்பது அபூர்வம். சிறுவயதில் நடந்த வன்முறை, பாலியல் தொல்லை, வீட்டுச் சண்டை அடியில் கிடக்கும். கல்லூரியில் நடப்பது மேலே விழும் கடைசி எடை. "ஒரு இன்டர்னலுக்காகவா இப்படி?" என்று கேட்கிறவர்கள் அந்த அடியை விட்டுவிடுகிறார்கள்.

எத்தனை பேர் என்று கேட்டால், இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 2,900 மாணவர்களிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்நாளில் ஒரு முறையாவது செய்ததாகச் சொன்னவர்கள் 17 சதவீதம். பெங்களூரு கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், லேசான வகைகளையும் சேர்த்து, அதற்கு முந்தைய ஓராண்டில் செய்ததாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். அளந்த விதம் வேறு என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. ஆனால் "எங்க காலேஜ்ல அப்படி யாரும் இல்ல" என்று ஒரு முதல்வர் சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

எல்லாம் சீன் போடறதுதானே? கவனிக்கணும்னு பண்றாங்க.

மேலே சொன்ன 2006 ஆய்வில், தன்னைக் காயப்படுத்திக்கொண்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல், தாங்கள் செய்வது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்றார்கள். சீன் போடுகிறவர் முழுக்கைச் சட்டைக்குள் மறைப்பானேன்?

சரி, ஒருவர் கவனிக்கப்பட வேண்டும் என்றுதான் செய்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். கவனியுங்களேன். பசிக்கிறது என்று கத்துகிற பிள்ளையைச் சத்தம் போடாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவோமா?

இதில் நம் பங்கும் உண்டு. ரத்தத்தில் கடிதம் எழுதும் காதலனைத் திரையில் பார்த்து விசிலடித்த ஊர் இது. அதே காயத்தோடு எதிரில் ஒருவர் வந்து நின்றால் கிறுக்கு என்கிறோம்.

பெண்பிள்ளைகளுக்குத்தானே இது அதிகம்?

சிகிச்சைக்கு வருபவர்களில் பெண்கள் அதிகம். ஆனால் பையன்கள் வருவதில்லை என்பதும் அந்தக் கணக்கில் ஒளிந்திருக்கிறது. கோபத்தில் சுவரைக் குத்திக் கை வீங்கி வந்தவனைப் "பசங்கன்னா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். அதே கை மாதம் மூன்று முறை வீங்கினால் அது கோபமா என்று யாரும் கேட்பதில்லை. "ஆம்பளப் பையன் அழலாமா" என்று கேட்டு வளர்த்த வீடுகளிலிருந்து வருபவர்களிடம், கண்ணீருக்குப் பதில் என்ன வெளியே வரும் என்பதையும் நாம்தான் யோசிக்க வேண்டும். மாற்றுப்பாலின, தன்பாலீர்ப்பு மாணவர்களிடம் இது மற்றவர்களைவிட அதிகம் என்று பல நாடுகளின் ஆய்வுகள் சொல்கின்றன. வீட்டில் சொல்ல முடியாத விஷயத்தைச் சுமப்பவர்கள் அவர்கள்.

எப்படித் தெரிந்துகொள்வது?

ஏப்ரல் வெயிலிலும் முழுக்கை. "பூனை பிறாண்டிடுச்சு" என்ற விளக்கம் அடிக்கடி. குளியலறையில் வெகுநேரம். விளையாட்டு, நீச்சல் என்று உடை மாற்ற வேண்டிய இடங்களைத் திடீரென்று தவிர்ப்பது. மெஸ்ஸுக்கு வராமலிருப்பது, மனம் வாடிய பிறகு அறைக்குள் போய்ச் சட்டென்று அமைதியாகத் திரும்புவது.

ஆனால் முழுக்கை போட்டவரெல்லாம் காயத்தை மறைக்கவில்லை. துப்பறிய வேண்டாம். சட்டையை மடக்கிக் காட்டு என்று ஒரு வார்டனும் ஒரு மாணவரிடமும் சொல்லக் கூடாது. "கொஞ்ச நாளா நீ நீயா இல்ல, என்னாச்சு?" என்பது போதும்.

என் ரூம்மேட் என்னிடம் மட்டும் சொன்னாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டாள். நான் என்ன செய்ய?

ராத்திரி தூங்காமல் அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துக்கொண்டிருக்கும் ரூம்மேட்கள் எங்கள் அறைக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் பத்தொன்பது வயதுதான். இந்த பாரம் ஒருத்தி தூக்குவதற்கானதல்ல.

அவள் உங்களிடம் சொன்னது பெரிய விஷயம். முதலில் அதை அவளுக்குச் சொல்லுங்கள். பிறகு, சத்தியத்தை முழுவதும் ஏற்காமல், உண்மையான எல்லையைச் சொல்லிவிடுங்கள். இப்படி: "கிளாஸ்ல யாருக்கும் தெரியாதுடி, அது என் பொறுப்பு. ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணுச்சுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன். அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன். நாளைக்கு கவுன்சிலரைப் பாக்கப் போலாமா? நான் வெளில உக்காந்திருக்கேன்." கூட வருகிறேன் என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே வருபவர்கள் பலர்.

காயத்தைக் காட்டச் சொல்லாதீர்கள், படமெடுக்காதீர்கள், குரூப்பில் மறைமுகமாகக்கூட எழுதாதீர்கள். ஒரே நட்பு வட்டத்தில் இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுவதுண்டு. விவரங்கள் பரவும்போது அந்த ஆபத்து கூடுகிறது. சாவதைப் பற்றிப் பேசினால், விடைபெறுவது போல மெசேஜ் அனுப்பினால், பொருட்களை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினால் சத்தியத்தை மீறுங்கள். அவள் ஒரு மாதம் பேசாமல் இருக்கலாம். இருக்கட்டும்.

உங்களுக்கும் யாராவது வேண்டும். அவள் பெயரைச் சொல்லாமலே நீங்கள் ஆலோசகரைப் பார்க்கலாம், 14416இல் பேசலாம்.

லீவில் வந்த மகளின் கையைப் பார்த்துவிட்டேன். ஒன்றும் ஓடவில்லை. என்ன சொல்வது?

முதல் ஐந்து நிமிடத்தில் நீங்கள் நடந்துகொள்வதைப் பொறுத்துத்தான் அவள் இனி உங்களிடம் எதையாவது சொல்வாளா மாட்டாளா என்பது. இதை நான் கொஞ்சமும் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

வழக்கமாக நடப்பது இது. அம்மா தலையிலடித்துக்கொண்டு அழுவார். அப்பா, "உனக்கு நாங்க என்ன குறை வெச்சோம்?" என்பார். போன் பிடுங்கப்படும். அத்தைக்கும் சித்திக்கும் விஷயம் போகும். "என் தலைமேல சத்தியம் பண்ணு, இனிமே செய்ய மாட்டேன்னு" என்று கையை எடுத்து வைத்துக்கொள்வார்கள். பிள்ளை சத்தியம் பண்ணும். அடுத்த முறை உந்துதல் வரும்போது பழைய பாரத்தோடு அம்மா தலையில் அடித்த சத்தியத்தை உடைத்த பாரமும் சேரும். அதை இறக்கி வைக்க அவளுக்குத் தெரிந்த வழி எது என்று உங்களுக்கே தெரியும். சத்தியம் வாங்குவதை முதலில் விடுங்கள். கையெழுத்துப் போட்டு "இனி செய்ய மாட்டேன்" என்று எழுதி வாங்கும் கல்லூரிகளுக்கும் இதுவே.

வேறு மாதிரி எப்படி? காயம் புதிதென்றால் முதலில் காயத்தைப் பாருங்கள். ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியை அழுத்திப் பிடித்து, கட்டுப் போட்டு, தேவைப்பட்டால் தையலுக்கும் டெட்டனஸ் தடுப்பு (டிடி) ஊசிக்கும் கூட்டிப்போங்கள். சமையலறையில் வெங்காயம் நறுக்கும்போது கை பட்டிருந்தால் எப்படிப் பார்ப்பீர்களோ அதே முகத்தோடு. பிறகு அருகில் உட்காருங்கள். எதிரில் உட்கார்ந்தால் விசாரணை மாதிரி இருக்கும். "கண்ணு, இவ்வளவு கஷ்டத்துல இருந்திருக்க, எனக்குத் தெரியாமப் போச்சு. திட்ட மாட்டேன். இப்ப சொல்ல வேண்டாம்னா நாளைக்குச் சொல்லு. நான் இங்கதான் இருக்கேன்." அவ்வளவுதான். காரணத்தை அன்றே தெரிந்துகொண்டாக வேண்டும் என்றில்லை. சாகும் எண்ணம் இருக்கிறதா என்ற ஒன்றை மட்டும் அன்றே கேளுங்கள்.

அழுகை வந்தால் பக்கத்து அறையில் போய் அழுங்கள். கோபப்பட்டுவிட்டீர்களா? மறுநாள், "நேத்து பயத்துல கத்திட்டேன்டா" என்று சொல்லிவிடலாம். பிள்ளைகள் மன்னிப்பதில் நம்மைவிடத் தாராளம்.

கூரான எல்லாவற்றையும் எடுத்து ஒளித்து வைத்துவிடலாமா?

சாகும் எண்ணம் இருந்தால் ஆபத்தானவற்றை எட்டாமல் வைப்பது அவசியம். மருந்து, பூச்சிமருந்து, எலி பேஸ்ட் எல்லாம் சேர்த்து. கிராமத்து வீடுகளில் பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துவதே பல உயிர்களைக் காக்கும்.

அப்படியில்லாதபோது, சொல்லாமல் கொள்ளாமல் அறையைச் சோதனை போடுவது நம்பிக்கையைத்தான் உடைக்கும். "எது பக்கத்துல இருந்தா உனக்குக் கஷ்டமா இருக்கு? நான் எடுத்து வெச்சுக்கட்டுமா?" என்று அவரையே கேட்டுச் செய்யுங்கள்.

கோயிலுக்குக் கூட்டிப்போகிறோம், கயிறு மந்திரித்துக் கட்டியிருக்கிறோம். போதாதா?

கோயிலோ தர்காவோ மாதா கோயிலோ, அங்கே போய் அவருக்கு மனது லேசாகிறது என்றால் போய் வாருங்கள். கூடவே டாக்டரையும் பாருங்கள். அடித்து ஓட்டுவது, கட்டிப்போடுவது, பட்டினி போடுவது என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு உடனே கிளம்புங்கள். "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்பதும் இதே ரகம்தான். ஒரு துயரத்துக்குள் இன்னொருவரையும் இழுத்து விடுகிறீர்கள்.

நான் ஹாஸ்டல் வார்டன். தெரிந்ததும் பெற்றோரை வரவழைத்து டிசி கொடுத்து அனுப்பிவிடுவதுதானே பாதுகாப்பு?

யாருக்குப் பாதுகாப்பு, சார்? நிர்வாகத்துக்கு. ஒருவரை அனுப்பியது தெரிந்தால், அதே நிலையில் இருக்கும் மற்றவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். அடுத்த முறை உங்களுக்குத் தகவல் வருவது 108 வந்த பிறகுதான்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலம் குறித்து நாடு முழுமைக்கும் வழிகாட்டுதல்களை வகுத்தது. நூறு மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும். அதற்குக் குறைவானவை வெளியிலுள்ள நிபுணர்களோடு முறையான ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். ஆசிரியர்கள் மட்டுமல்ல, மற்ற ஊழியர்களும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி பெற வேண்டும். உதவி எண்கள் விடுதியில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் விடுதியில் அந்தப் பலகை இருக்கிறதா? மெஸ் மெனுவுக்குப் பக்கத்தில் ஒட்டினால் எல்லாரும் பார்ப்பார்கள்.

ஆலோசகர் என்ற பெயரில் கணக்குப் பாட ஆசிரியருக்குக் கூடுதல் பொறுப்பு கொடுத்துக் கணக்கை முடிக்கும் இடங்களும் இருக்கின்றன. இன்டர்னல் மார்க் போடுகிறவரிடம் எந்த மாணவர் மனதைத் திறப்பார்?

நடைமுறையில் நீங்கள் செய்ய வேண்டியது சிறியதுதான். தனியாகப் பேசுங்கள், மற்ற மாணவர்கள் முன்னால் வேண்டாம். ஆலோசகரிடம் நீங்களே கூட்டிப்போங்கள், சீட்டு எழுதி அனுப்பாதீர்கள். வீட்டுக்குச் சொல்வதென்றால், உயிராபத்து இல்லாத நிலையில், அவரைக் கேட்டு, யாரிடம் முதலில் சொல்லலாம் என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அப்பாவிடம் சொல்ல முடியாதவர் அக்காவிடம் சொல்லலாம். சில வீடுகளில் அடி விழும் என்பதும் உங்களுக்குத் தெரியும்தானே. இரவுப் பணியில் இருக்கும் அக்காக்கள், வாட்ச்மேன் அண்ணன்கள்தான் இதையெல்லாம் முதலில் பார்ப்பவர்கள். பயிற்சியில் அவர்களை விட்டுவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமே?

இந்தப் பயத்தில் வீட்டிலேயே கட்டுப் போட்டுக்கொண்டு சீழ் பிடித்து வந்தவர்கள் உண்டு. சாகும் எண்ணமில்லாமல் தன்னைக் காயப்படுத்திக்கொள்வது குற்றமல்ல. தற்கொலை முயற்சியாகவே இருந்தாலும், 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, முன்பிருந்த தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலையில் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. மருத்துவமனை தன் நடைமுறைப்படி பதிவேட்டில் குறித்துக்கொள்ளலாம், யாராவது வந்து விசாரிக்கவும் செய்யலாம். அதற்குப் பயந்து தையல் போடாமல் இருக்காதீர்கள்.

சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையையும் அதே சட்டம் தருகிறது. உயிராபத்து போன்ற சில சூழல்கள் மட்டும் விதிவிலக்கு. 18 வயது முடிந்த மாணவர் யாரையும் கூட்டிவராமல் தானே மனநல மருத்துவரைப் பார்க்கலாம்.

சிகிச்சை என்றால் என்ன? மாத்திரை போட்டே ஆக வேண்டுமா?

தன்காயத்துக்கென்று தனி மாத்திரை கிடையாது. அடியில் மனச்சோர்வோ பதற்ற நோயோ இருந்தால் அதற்கு மருந்து தருவார்கள், அது பலருக்கு நன்றாக உதவும். முக்கிய வேலை பேச்சு சிகிச்சையில்தான் நடக்கிறது.

அவற்றில் அதிகம் ஆராயப்பட்டது டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) எனப்படும் முறை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் மார்ஷா லினெஹன் உருவாக்கியது. அது பலன் தருகிறது என்று காட்டிய முதல் ஆய்வு 1991இல் வந்தது. தாங்க முடியாத நேரத்தைத் தாங்குவது, உணர்ச்சிகளுக்குப் பெயர் வைத்துக் கையாள்வது, உறவுகளில் வேண்டியதைக் கேட்பது, வேண்டாததை மறுப்பது, இந்த நொடியில் நிற்பது ஆகிய நான்கையும் பாடம் போல நடத்திப் பயிற்சி தருகிறார்கள். லினெஹன் 2011இல், தன் 68ஆம் வயதில், ஒன்றை வெளிப்படையாகச் சொன்னார். 17 வயதில் அவரே தன்னைக் கடுமையாகக் காயப்படுத்திக்கொண்டு மனநல மருத்துவமனையில் இரண்டாண்டுக்கும் மேல் இருந்தவர். அதைச் சொன்ன இடமும் அதே மருத்துவமனைதான். "இதிலேந்து யாராவது வெளில வந்திருக்காங்களா மேடம்?" என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் இவரைத்தான் சொல்வேன்.

முழு டிபிடி சொல்லித்தரும் இடங்கள் நம்மூரில் குறைவு, பெரிய நகரங்களில்தான். அது கிடைக்கவில்லை என்று காத்திருக்க வேண்டாம். நல்ல உளவியலாளர் ஒருவரிடம், எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிபிடி முறையில் வாராவாரம் பேசுவதும் பலன் தரும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களும் இருக்கிறார்கள். ஓபி சீட்டு போட்டால் போதும், செலவில்லை. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் பெயரைக் கேட்டாலே கேலி செய்யும் பழக்கம் நமக்கு உண்டு. 1794இலிருந்து தொடர்ந்து வரும் மருத்துவமனை அது. அங்கே புறநோயாளியாகப் பார்த்துவிட்டு மாலை வகுப்புக்குத் திரும்பும் மாணவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் பார்த்தவர் அறிவுரையாகக் கொட்டினால் வேறு ஒருவரைப் பாருங்கள்.

இதைப் படிப்பது நானே. அந்த உந்துதல் வரும்போது என்ன செய்வது?

நீங்கள் படித்துக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும். நீங்கள் கெட்டவரோ கிறுக்கோ இல்லை.

உந்துதல் எழும், உச்சத்துக்குப் போகும், பிறகு தானாக இறங்கும். உச்சத்தில் இருக்கும்போது இது முடியவே முடியாது என்று தோன்றும்; ஆனால் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தணியத் தொடங்கும். அந்த அரைமணியைக் கடப்பதுதான் வேலை. "இனி வாழ்நாளில் செய்ய மாட்டேன்" என்று தீர்மானம் போட வேண்டாம். "பதினைந்து நிமிடம் கழித்து யோசிக்கிறேன்" என்று போனில் டைமர் வையுங்கள். இருக்கும் இடத்தை விட்டு எழுந்து ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். மெஸ், படிப்பறை, வராந்தா, எதுவானாலும். குளிர்ந்த தண்ணீரை முகத்தில் அடித்துக் கழுவுவது படபடப்பை இறக்கும். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள்: நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். மாடிப்படியை இரண்டு முறை ஏறி இறங்கலாம். எழுத வருமென்றால், யாருக்கும் அனுப்பாத மெசேஜாக எழுதித் தள்ளுங்கள். ஒரு வலிக்குப் பதில் இன்னொரு சின்ன வலி என்று சிலர் சொல்லித்தரும் வித்தைகளை நான் சொல்வதில்லை. அவை அதே பாதையைத்தான் மூளையில் ஆழப்படுத்துகின்றன.

ஒருவருக்கு மெசேஜ் அனுப்புங்கள். எல்லாவற்றையும் விளக்க வேண்டியதில்லை. "மச்சி, ரூமுக்கு வாயேன், தனியா இருக்க முடியல" போதும். இதை நன்றாக இருக்கும் ஒரு நாளில், அந்த ஆளிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்: நான் இப்படி அனுப்பினால் என்ன ஏது என்று கேட்காமல் வா.

உந்துதல் எப்போது வருகிறது என்று கவனித்துக் குறித்துவைப்பதும் உதவும். ஞாயிறு ராத்திரி, வீட்டிலிருந்து போன் வந்த பிறகு, சாப்பிடாத நாளில், தூங்காத நாளில், மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில். நேரம் தெரிந்துவிட்டால் அந்த நேரத்தில் தனியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

நாலு மாதம் நன்றாக இருந்தான். செமஸ்டர் நேரத்தில் மறுபடியும் செய்துவிட்டான். எல்லாம் வீணா?

நாலு மாதம் எங்கும் போகவில்லை. அந்த நாலு மாதமும் அவன் வேறு வழிகளில் சமாளித்திருக்கிறான், அவை இன்னும் அவனிடம் இருக்கின்றன. இந்த முறை என்ன வித்தியாசம் என்று மட்டும் பாருங்கள். தூக்கமா, மாத்திரையை நிறுத்திவிட்டானா, ஆலோசகர் லீவா? எத்தனை நாள் ஆயிற்று என்று காலண்டரில் கோடு போட்டு எண்ணும் பெற்றோரிடம் அதை நிறுத்தச் சொல்வேன். கோடு அறுந்த அன்று அவனுக்கு எல்லாமே போய்விட்ட மாதிரி ஆகிறது.

முன்னேற்றம் வேறு இடங்களில் தெரியும். முன்பு மூன்று நாள் கழித்துத் தெரிந்தது, இப்போது அவனே அன்று ராத்திரி போன் செய்து சொன்னான் என்றால், அது எனக்குப் பெரிய செய்தி.

தழும்பு இருக்கிறது. இன்டர்வியூவில், நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் கேட்டால்?

நிறைய அம்மாக்களுக்கு உள்ளூர இதுதான் முதல் கேள்வி. கேட்கக் கூச்சப்பட்டுக் கடைசியில் கேட்பார்கள். பல தழும்புகள் ஓரிரு வருடத்தில் மங்கும். சிலிகான் ஜெல், வெயில் படாமல் பார்த்துக்கொள்வது ஓரளவு உதவும். தடித்தவற்றுக்குத் தோல் மருத்துவரிடம் வழியிருக்கிறது. காயப்படுத்திக்கொள்வது நின்று கொஞ்ச காலம் ஆன பிறகு அதற்குப் போகலாம். அதற்கு முன்பே தழும்பை அழிப்பதில் வீடு முனைந்தால், எங்கள் கவலை உன் மானம்தான், நீ இல்லை என்று பிள்ளைக்குக் கேட்கும்.

கேட்கிறவர் யார் என்பதைப் பொறுத்துப் பதில் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. இன்டர்வியூவில் யாரும் கேட்கப் போவதில்லை; கேட்டால் "பழைய காயம் சார்" என்பதோடு முடிந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்குப் பதிலே சொல்ல வேண்டியதில்லை. வாழ்க்கையைப் பகிரப்போகிறவரிடம் எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை உங்கள் மகளே முடிவு செய்யட்டும். போன வருடம் படிப்பு முடித்துப் போன ஒரு பெண், இதை எப்படிச் சொல்வது என்று என்னிடம் ஒத்திகை பார்த்துவிட்டுப் போனாள். அவள் தயார் செய்திருந்தது இரண்டே வரி: "காலேஜ்ல ரொம்பக் கஷ்டமான ஒரு காலம் இருந்துச்சு. ட்ரீட்மென்ட் எடுத்தேன், இப்பவும் தேவைன்னா போவேன்."